வெயிலுக்கு வைத்த தண்ணீர்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் சவ்சன் விளக்குமாற்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு மலையேறிவிடுவாள். யாம்சூர் என்ற அந்த மலையூர்க்காரர்களுக்கு இது மூன்று வருடமாகப் பழகிப்போன காட்சி. "என்ன சவ்சன், வீட்டப் பெருக்கியாச்சு, மலைதான் பாக்கியா?" என்று வாய்க்கால் கரையிலிருந்து யாராவது கேட்பார்கள். அவள் வாயைத் திறக்கமாட்டாள். நாலு மணி நேர ஏற்றம். மேலே, வெள்ளைக் கிண்ணம் என்று ஊர் சொல்லும் பள்ளத்தில், பாறை நிழலில் மிஞ்சிக் கிடக்கும் பழைய பனிக்கட்டியின் மேல் சாம்பல் படிந்திருக்கும். அதைக் கூட்டிக் கூட்டி ஓரத்துக்குத் தள்ளுவாள். சாயங்காலத்துக்குள் நாலு பாய் விரிக்கிற இடம் வெளுத்தால் பெரிய காரியம். கிண்ணமோ ஊரிலுள்ள களங்களையெல்லாம் சேர்த்து விரித்தாலும் நிரம்பாது.

பைத்தியம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அந்தச் சாம்பலை அங்கே கொண்டுபோய்க் கொட்டச் சொன்னவளே அவள்தான்.

சமவெளியில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. பருத்தி விளைகிற ஊர்களில் நேற்றுவரை ஒரே கெண்டியில் தேநீர் குடித்தவர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். சவ்சனின் தங்கை லால்பேகிம் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். புருஷனை அந்த மண்ணிலேயே புதைத்துவிட்டு, இரண்டு பெண் குழந்தைகளோடும் ஒரு கம்பளி மூட்டையோடும் ஒரு செப்டம்பர் மாதத்தில் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். சவ்சன் கல்யாணம் செய்துகொள்ளாதவள். பதினாறு வருடமாகத் தனியாகத் தின்று தனியாகப் படுத்தவளுக்கு, அடுப்படியில் நாலு கிண்ணம் வரிசையாக இருப்பதைப் பார்க்கவே நெஞ்சு நிறைந்துபோனது.

"இனிமே நீ எங்கயும் போக வேணாம்டி. இங்கயே இரு," என்றாள்.

"இருந்துட்டா சோறு யாரு போடுவா? நீயா, உன் தொட்டியா?" என்று லால்பேகிம் சிரித்தாள். அவ்வளவு நடந்த பிறகும் அவளுக்குச் சிரிக்க வந்தது. சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வேண்டும், தங்கையைத் தன் பக்கத்திலேயே வேரூன்ற வைக்க வேண்டும். அந்த வருடம் சவ்சனுக்கு இதைத் தவிர வேறு ஆசை இருக்கவில்லை.

இருக்க வேண்டுமென்றால் நிலம் வேண்டும். ஊரில் நீர்பாய்ச்சி குதோநஸர். எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது என்பது அவர் சொல்தான். நாக்கு கொஞ்சம் முள்ளாக இருந்தாலும் மனசு நல்ல மனசு. வாய்க்கால் முடிகிற இடத்தில், கடைமடையில், யாரும் தொடாத கல்லாங்காட்டைக் காட்டினார். "கல்லப் பொறுக்கிட்டா நெலம். பொறுக்கலேன்னா கல்லு. உன் சாமர்த்தியம்," என்றார். அக்காவும் தங்கையும் குழந்தைகளும் பனி விழும்வரை கல் பொறுக்கினார்கள். லால்பேகிமின் விரல் நகங்கள் பாதிக்கு மேல் போயின.

தொட்டி என்று அவள் கேலி செய்தது சவ்சனின் வேலையை. ஊருக்கு மேற்கே ஒரு சிறு வானிலை நிலையம் உண்டு. இருபது வருடமாக அதற்கு அவள்தான் எல்லாம். பனியின் ஆழம் பார்க்க ஒரு கோல், மழை பிடிக்க ஒரு தகரக் குவளை, தரையில் பதித்த ஒரு இரும்புத் தொட்டி. கோடையில் தினமும் காலையில் அந்தத் தொட்டியைக் குறி வரைக்கும் நிரப்புவாள். மறுநாள் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து, உள்ளே கோடு போட்ட ஒரு வாளியால் அதே அளவு ஊற்றுவாள். சூரியன் குடித்தது எவ்வளவு என்று நோட்டில் 'போனது' என்ற கட்டத்தில் எழுதுவாள். மழையும் பனியும் 'வந்தது' என்ற கட்டத்தில். மேலிடத்தோடு பேசுகிற ரேடியோப் பெட்டி ஊமையாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. கேட்க ஆளில்லை என்பதற்காக அளக்காமல் இருப்பதா? அவள் அளந்தாள்.

"ஊரே தண்ணிக்கு அடிச்சுக்குது, இவ மட்டும் வெயிலுக்கு விருந்து வைக்கிறா," என்பார் குதோநஸர்.

"அது எங்கயும் போயிடாதுண்ணே. மேகமாகும், பனியா விழும், உருகி நம்ம வாய்க்கால்லயே வரும். மேல போனது கீழ வந்துதானே ஆகணும்," என்பாள் சவ்சன். இருபது வருடமாக இதே பதில். ஊரில் இந்த விஷயம் தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்ற பெருமை அவளுக்குக் கொஞ்சம் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

மார்ச் மாதம் மாவுப் பெட்டிகள் அடி காட்டத் தொடங்கின. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாவு லாரி எப்போதாவதுதான் வந்தது. காய்ந்த மல்பெரியை இடித்த மாவைத் தின்று குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. வழக்கமாக மே நடுவில்தான் வாய்க்காலில் தண்ணீர் வரும், ஆகஸ்ட் கடைசியில்தான் அறுப்பு. அதுவரைக்கும் எதைத் தின்பது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பதில் இல்லாத கேள்வியைக் கேட்டு என்ன ஆகப்போகிறது?

வயலில் கிடக்கும் பனி சீக்கிரம் கரைய வேண்டுமென்றால் அதன்மேல் அடுப்புச் சாம்பலைத் தூவுவது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்கிற காரியம். கறுப்பு வெயிலை இழுக்கும், பத்து நாளில் மண் தெரியும். ஒருநாள் லால்பேகிம் கடைமடையில் சாம்பல் தூவிக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருந்த சவ்சனுக்கு அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வயலுக்குச் செய்வதைக் கிண்ணத்துக்கே செய்தால் என்ன? ஒரு மாதம் முந்தியே தண்ணீர் வரும். ஒரு மாதம் முந்தியே அறுப்பு.

சும்மா சொல்லிவிடவில்லை, சோதித்துப் பார்த்தாள். நிலையத்துப் பனியில் இரண்டு சதுரம் வெட்டி, ஒன்றில் சாம்பல் தூவி, ஒன்றை வெள்ளையாக விட்டாள். ஒரு வாரத்தில் சாம்பல் போட்டது மூன்று மடங்கு இறங்கியிருந்தது. கிண்ணத்தில் பனி இரண்டு ஆள் உயரம் இருக்கிறது, அதில் கால் பங்கை முன்கூட்டி எடுத்தால் குறையாது என்று கணக்குப் போட்டாள். இரண்டாவது வாரமும் பொறுத்திருந்து பார்த்திருக்கலாம். இரவெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகிய சின்னவளைப் பார்த்த பிறகு அவளுக்குப் பொறுமை இல்லை.

வாய்க்கால் தொடங்குகிற தலைமடையில் ஊர் கூடியது. எல்லோருக்கும் சந்தோஷம். குதோநஸர் மட்டும் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"எல்லாம் சரிம்மா. போதும்னா எப்படி நிறுத்துவ?"

"என்னண்ணே?"

"கால் பங்கு போதும்ங்கற. வெயிலுக்கு உன் கணக்கு தெரியுமா? மடைய அடைக்கிற மாதிரி அத அடைக்க முடியுமா?"

"ஏப்ரல்ல பனி விழும்ல. சாம்பல மூடிடும். திரும்ப வெள்ளையாயிடும், உருகறது நின்னுடும். இருபது வருஷ நோட்டு வச்சிருக்கேன், ஒரு ஏப்ரல் தப்பினதில்ல."

கேள்வி விழுந்த கையோடு பதில் சொல்லிவிட்டாள். ஒரு மூச்சு நிதானித்திருக்கலாம். இன்றைக்கும் அவளை அரிப்பது அந்த வேகம்தான்.

சாம்பல் சேர்க்கும் வேலையை லால்பேகிம் தானே எடுத்துக்கொண்டாள். பிழைக்க வந்தவளுக்கு ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு. வீடு வீடாகச் சாக்கோடு போய் நின்றாள். "நெருப்பு கேட்டு வருவாங்க, உப்பு கேட்டு வருவாங்க. சாம்பல் கேட்டு வர்றவ நீ ஒருத்திதான்," என்று பெண்கள் சிரித்தார்கள். "குடுத்து வையிங்க. நாளைக்குக் கோதுமையா திருப்பித் தர்றேன்," என்றாள் இவள். எட்டு நாள், ஊர் முழுதும் மேலே சுமந்தது. ஆண்கள் இரண்டு நடை போனால் அவள் மூன்று நடை போனாள். தலையிலும் புருவத்திலும் சாம்பல் அப்பிக்கொண்டு இறங்கி வரும் தங்கையைப் பார்த்து, "கிழவி மாதிரி இருக்கடி," என்று சவ்சன் சிரித்தாள்.

ஏப்ரல் பதினெட்டில் தண்ணீர் வந்தது. கறுத்த, நுரை தள்ளிய, சாம்பல் வாசம் அடிக்கிற தண்ணீர். ஊரே வாய்க்கால் கரையில் நின்றது. யாரோ சவ்சனின் நெற்றியில் முத்தமிட்டார்கள். வழக்கப்படி தலைமடையிலிருந்து முறை தொடங்கியது. ஒவ்வொரு வயலாக நனைந்து, விதைத்து, கடைமடைக்கு முறை வந்தபோது மே பன்னிரண்டு. லால்பேகிம் விதைக்கோதுமையை முந்தானையில் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு இறங்கி விதைத்தாள். ஆறாம் நாள் பச்சை தெரிந்தது. அன்று முழுக்க அவள் வயலை விட்டு வரவில்லை.

அந்த ஏப்ரலில் பனி விழவில்லை.

மேகங்கள் வந்தன. வராமலில்லை. மேற்கிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து, தலைக்கு மேலே கடந்து, கிழக்கு முகட்டைத் தாண்டி, ஆளில்லாத பீடபூமிப் பக்கம் போய்விட்டன. சவ்சன் மழைக் குவளையைத் தினமும் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். காய்ந்த தூசி விழுந்தது. மே போய் ஜூன் வந்ததும் யாரிடமும் சொல்லாமல் கிண்ணத்துக்கு ஏறிப் போனாள். பனி குண்டும் குழியுமாகக் கறுத்துக் கிடந்தது. மேற்பனி கரையக் கரைய அதிலிருந்த சாம்பல் ஒன்றுசேர்ந்து முன்னைவிடத் தடித்திருந்தது. தடித்த கறுப்பு இன்னும் வேகமாக வெயிலை இழுத்தது. இரண்டாவது வாரம் பொறுத்திருந்தால் நிலையத்துச் சதுரத்திலேயே இதைப் பார்த்திருப்பாள். கையால் அள்ளிப் பார்த்தாள். பனியும் சாம்பலும் சேர்ந்து சேறாக வழிந்தது. தூவியதைத் திரும்பப் பொறுக்க முடியாது என்று அங்கே நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது.

கீழே வந்ததும் லால்பேகிம் கேட்டாள்: "எப்படி இருக்குக்கா மேல?"

"இருக்கு. போதும்," என்றாள் சவ்சன்.

ஜூலை பத்தாம் தேதி வாய்க்கால் பாதியாயிற்று. தலைமடைக் கோதுமை அதற்குள் பழுக்கத் தொடங்கிவிட்டது, அதற்கு இனித் தண்ணீர் வேண்டாம். கடைமடைக் கோதுமை அப்போதுதான் பால் பிடித்திருந்தது. கதிரை நசுக்கினால் விரலில் வெள்ளையாக ஒட்டும். இன்னும் இரண்டு பாய்ச்சல் போதும், கெட்டிப்பட்டுவிடும். குதோநஸர் எல்லா மடைகளையும் அடைத்து, கிடைத்ததையெல்லாம் லால்பேகிமுக்கே திருப்பிவிட்டார். வாய்க்கால் நீளம் ஒன்றரை மைல். வறண்ட மண் வழியிலேயே குடித்துவிட்டது. கடைமடைக்கு வந்து சேர்ந்தது ஈரம் மட்டும்தான். கீழே, ஆயிரம் அடிப் பள்ளத்தில், பெரிய ஆறு இரவும் பகலும் இரைந்துகொண்டு ஓடியது. அதை மேலே கொண்டுவர யாருக்கும் வழியில்லை.

ஜூலை இருபத்தொன்று. காலையில் சவ்சன் தொட்டியருகே குனிந்திருந்தாள். முந்தின நாள் வெயில் ஒரு விரல்கடை குடித்திருந்தது. ஊற்றிலிருந்து பிடித்து வந்த வாளியைத் தூக்கியபோது பின்னால் காலடி கேட்டது. லால்பேகிம். முகம் கழுவியிருக்கவில்லை.

"அக்கா. அந்த வாளியக் குடு."

"எதுக்கு?"

"வெயிலுக்கு வைக்கிறியே, அத என் கோதுமைக்கு ஊத்தக் கூடாதா?"

ஒரு வாளித் தண்ணீர் அந்த வயலில் ஒரு பாத்தியைக்கூட நனைக்காது. அது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டாள். கேட்டபோது கொடுத்துத் தொலைத்திருக்க வேண்டியதுதானே? சவ்சன் வாளியின் பிடியை விடவில்லை.

"இருபது வருஷமா ஒரு நாள் விட்டதில்லடி. இன்னிக்கு ஊத்தலேன்னா கணக்கு நிக்காது."

"யாரு கேக்கறாங்க அந்தக் கணக்க?"

சவ்சன் ஊற்றினாள், தொட்டியில். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் இன்றைக்கும் அவளால் விளக்க முடியாது. அந்தத் தொட்டி வீண் என்று ஒப்புக்கொண்டால் நோட்டு வீண், ஏப்ரலைப் பற்றிச் சொன்னது வீண், சாம்பலைச் சுமக்கச் சொன்னது பாவம் என்று ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தக் காலை நேரத்தில் அதற்கு அவளுக்குத் தெம்பில்லை.

லால்பேகிம் தொட்டியில் தண்ணீர் அசைந்து அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மேல போனது கீழ வந்துதானே ஆகணும்னு சொன்னியே. எங்க வரும்னு சொல்லவே இல்லியேக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். கத்தவில்லை, அழவில்லை. திரும்பி நடந்தாள். சவ்சன் அன்றைக்கான கட்டத்தில் 'ஒரு விரல்கடை' என்று எழுதினாள். அதற்குப் பிறகு வெகுநாள் அந்த நோட்டை அவள் திறக்கவில்லை. மறுநாள் தொட்டியையும் தோண்டியெடுத்துக் கவிழ்த்துவிட்டாள். ஒரு நாள் பிந்திவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் தலைமடைக்காரர்கள் அறுத்தார்கள். ஒரு மாதம் முந்திய அறுப்பு, பசி தீர்ந்தது. கொடுமை என்னவென்றால், ஊர் சவ்சனைப் பாராட்டியது. முதல் மாவில் சுட்ட ரொட்டியை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கொண்டுவந்து வைத்தார்கள். கடைமடையில் அறுத்தது ஒரு மூட்டை. அதையும் தூற்றியபோது முக்கால்வாசி மணி பிடிக்காத சாவி, காற்றோடு போயிற்று. ஆளுக்கு ஒரு படி தருகிறோம் என்று ஊரார் சொன்னார்கள், மனதாரத்தான் சொன்னார்கள்.

"எல்லா வீட்டு வாசல்லயும் நின்னு சாம்பல் கேட்டாச்சு," என்றாள் லால்பேகிம். "இனி அதே சாக்கத் தூக்கிட்டு மாவும் கேக்கணுமா?"

"என் மாவு இருக்குடி. நாலு பேரும் திங்கலாம்."

"ஒருத்தி மாவ நாலு பேர் தின்னா எத்தன நாளைக்குக்கா? குளிர் ஏழு மாசம்."

மாவு இறக்கிவிட்டு வெறுமனே திரும்புகிற லாரி ஓஷ் நகரத்துக்குப் போனது. அங்கே சந்தையில் வேலை கிடைக்கும் என்று டிரைவர் சொல்லியிருந்தான். குழந்தைகளை ஏற்றிவிட்டு அவளும் ஏறினாள். கடைசி நேரத்தில் சவ்சன் வீட்டுக்குள் ஓடி, நிலையத்து வாளியைக் கொண்டுவந்தாள். அதில் தனக்கு வந்த ரொட்டிகளை அடுக்கி, மேலே காய்ந்த ஆப்ரிகாட்டைக் கொட்டியிருந்தாள்.

லால்பேகிம் வாளியைப் பார்த்தாள். உள்ளே போட்டிருந்த கோடுகளைப் பார்த்தாள்.

"இப்ப குடுக்கறியா?" என்றாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். லாரி மேகங்கள் போகிற அதே முகட்டைத் தாண்டி மறைந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சவ்சன் வாசலிலிருந்து மனதில் கட்டி வைத்திருந்த வார்த்தைகள் அவளோடே தங்கிவிட்டன.

மறுவருடத்திலிருந்து விளக்குமாறு. குளிர்காலப் பனி கோடையில் தீர்ந்ததும் பழைய கட்டி வெளியே தெரிகிறது, அதன்மேல் அந்த வருடத்துச் சாம்பல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு வருடமும் கட்டி இன்னும் கொஞ்சம் சுருங்குகிறது. கடைமடை நிலத்தில் இப்போது யாரும் விதைப்பதில்லை.

இந்த ஜூலைக் கடைசியில் லாரிக்காரன் ஒரு கடிதம் கொண்டுவந்தான். மூன்று வருடத்தில் முதல் கடிதம். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாள்.

"அக்கா, நாங்க நல்லா இருக்கோம். பெரியவ உயரத்துல என்னத் தாண்டிட்டா. சந்தையில நூடுல்ஸ் செஞ்சு விக்கறேன். நேத்து இங்க நல்ல மழை. உன் வாளிய முற்றத்துல வச்சேன். ஏழு கோடு வந்துச்சு. வந்துதான் ஆகணும்னு சொன்னியே, வருது, இங்க வருது. கணக்குல எழுதிக்க."

சவ்சன் மூன்று தடவை படித்தாள். அதில் இருப்பது கேலியா, பாசமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டுமாக இருக்கலாம். லால்பேகிம் பேச்சு எப்போதும் அப்படித்தான். பெட்டியடியில் கிடந்த நோட்டை எடுத்துத் தூசி தட்டி, ஜூலை இருபத்தொன்றுக்குக் கீழே, 'வந்தது' என்ற கட்டத்தில் 'ஏழு கோடு' என்று எழுதினாள். பக்கத்தில் 'போனது' என்ற கட்டம் இருந்தது. பென்சிலை அதன்மேல் வைத்தவள், ஒன்றும் எழுதாமல் மூடினாள்.

ஆகஸ்ட் முதல் தேதி காலையில் விளக்குமாற்றோடு கிளம்பினாள். தலைமடையில் குதோநஸர் மண்வெட்டியோடு நின்றிருந்தார். "என்னம்மா, மலையப் பெருக்கக் கிளம்பிட்டியா?" என்றார் வழக்கம்போல.

சவ்சன் நின்றாள்.

"ஓஷ்ல நல்ல மழையாம்ணே," என்று சொல்லிவிட்டு ஏறத் தொடங்கினாள்.